வங்கி வளர்ந்தால் ஏழை-பணக்காரர் இடைவெளி குறையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் குழுக் கூட்டமானாலும் கல்லூரிப் பொருளியல் வகுப்பானாலும், இந்தப் பேச்சு எழுந்தால் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் பேச்சிலேயே எழுதி, பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில் வருகின்றன. பதிலில் "வைத்துக்கொள்வோம்" என்று இருந்தால் அது விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்.

1. நிதித்துறை வளர்ச்சின்னா என்ன? ஊருக்கு ஊர் பேங்க் கட்டடம் வர்றதா?

கட்டடம் அதில் ஒரு பகுதி. ஊரில் ஒருவர் மிச்சம் பிடித்த பணம், அதை வைத்துத் தொழில் செய்யத் தெரிந்த இன்னொருவர் கைக்கு எவ்வளவு குறைந்த செலவில், எவ்வளவு பத்திரமாகப் போய்ச் சேருகிறது என்பதுதான் விஷயம். வங்கி, கூட்டுறவுச் சங்கம், ஏலச்சீட்டு, காப்பீடு, பங்குச் சந்தை, கைபேசியில் பணம் அனுப்புவது எல்லாம் இதில் அடங்கும்.

பொருளியலாளர்கள் இதை அளக்க, தனியாருக்கும் குடும்பங்களுக்கும் கொடுத்த மொத்தக் கடன் நாட்டின் ஆண்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். இந்தியாவில் வங்கிக் கடன் ஏறக்குறைய பாதி அளவு. இது ஆழத்தைக் காட்டும் எண். எத்தனை பேருக்கு அந்தக் கடன் எட்டுகிறது என்பது வேறு எண். இந்தப் பக்கத்தில் வரும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

2. ஏற்றத்தாழ்வை எதை வச்சு அளக்குறாங்க?

பெரும்பாலும் கினி குறியீடு. எல்லோர் வருமானமும் சமமென்றால் 0, ஒரே ஆள் எல்லாவற்றையும் வைத்திருந்தால் 1. அதை 100-ஆல் பெருக்கியும் எழுதுவார்கள். இன்னொரு வழி, உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினர் மொத்த வருமானத்தில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்ப்பது. அளக்கும் பொருள் வருமானமா, செலவா, சொத்தா என்று முதலில் கேளுங்கள். அதை விட்டால் என்ன ஆகும் என்பது 11-ஆம் கேள்வியில் வருகிறது.

3. பேங்க்குக்கும் ஏழைக்கும் என்ன சம்பந்தம்? கடன் வாங்காம இருந்தாலே நல்லதுதானே?

கடனே வாங்காமல் யாவாரம் ஓடாது. கீழவாசல் பக்கம் தள்ளுவண்டியில் பழம் விற்பவருக்குச் சரக்குப் போடக் காலையில் பணம் வேண்டும். அவருக்குக் கிடைப்பது தண்டல். 10,000 ரூபாய் என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் வண்டி ஓரத்தில் தண்டல்காரர் நின்று, 100 ரூபாயை வாங்கிக்கொண்டு, சின்ன அட்டையில் அன்றைய கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போவார்.

"நூறு நாளைக்கு ஆயிரத்து ஐநூறுதானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதனால் அவர் கையில் சராசரியாக இருப்பது 8,500-இல் ஏறக்குறைய பாதிதான். கணக்குப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வட்டி. ஆண்டுக்கு மூன்று சுற்று எடுத்தால் 4,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். இதே தொகை 12 சதவீதத்தில் வங்கியில் கிடைத்தால், ஒரு சுற்றுக்கு 150 ரூபாய்கூட ஆகாது.

அதே தெருவில் சொந்தக் கட்டடம் உள்ள மொத்த வியாபாரி 9, 10 சதவீதத்தில் வங்கிப் பணத்தை எடுத்து ஓட்டுகிறார். இருவருக்கும் உழைப்பும் சாமர்த்தியமும் ஒன்றென்றே வைத்துக்கொள்வோம். பத்து வருஷத்தில் ஒருவர் இரண்டாவது கடை போட்டிருப்பார், மற்றவர் அதே வண்டியில் இருப்பார். இந்த 10-க்கும் 120-க்கும் இடையில் உள்ள தூரம்தான் ஏற்றத்தாழ்வை வருஷா வருஷம் பெருக்குகிறது. நிதித்துறை வளர்ச்சி ஏழைக்கு நல்லதா என்று கேட்டால், இந்த தூரம் குறைந்ததா என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.

4. அப்புறம் ஏன் பேங்க்காரங்க சின்ன ஆளுக்குக் கொடுக்க மாட்டேங்குறாங்க? வேணும்னே பண்றாங்களா?

அலட்சியமும் உண்டு. ஆனால் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கடனுக்கு மனு வாங்கி, விசாரித்து, வசூல் பார்க்க 1,000 ரூபாய் செலவென்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் கடனில் அது 0.1 சதவீதம். 10,000 கடனில் 10 சதவீதம். வட்டியே அதில் போய்விடும்.

அடுத்தது ஈடு. நிலம் இருக்கும், பட்டா தாத்தா பேரில் இருக்கும். அல்லது பங்காளிகள் ஆறு பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும், உட்பிரிவு செய்திருக்க மாட்டார்கள். வங்கிக்கு அது ஈடாகாது. குத்தகைக்கு உழுகிறவருக்கு அடங்கல் எனும் கிராமப் பயிர்ப் பதிவேட்டில் தன் பெயர் ஏறாவிட்டால் பயிர்க்கடனும் இல்லை. மூன்றாவது, தகவல். பழ வண்டிக்காரர் முந்நூறு நாள் தவறாமல் தண்டல் கட்டியது அந்தச் சின்ன அட்டையில்தான் இருக்கிறது. கடன் கட்டிய வரலாற்றைப் பார்த்து 300 முதல் 900 வரை போடும் சிபில் மதிப்பெண்ணில் ஏறுவதில்லை. நாணயமாக இருந்தும் அவருக்கு நாணயச் சான்று இல்லை.

தெருவோர வியாபாரிகளுக்காக 2020-இல் வந்த ஸ்வநிதி திட்டம் இந்த மூன்றாவது ஓட்டையைத்தான் அடைக்கப் பார்க்கிறது. ஈடு கேட்காமல் முதல் கடன் 10,000, அதைக் கட்டி முடித்தால் 20,000, பிறகு 50,000. 2025-இல் முதல் இரண்டையும் 15,000, 25,000 என்று உயர்த்தினார்கள். ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உண்டு. கட்டிய வரலாறு சிபிலில் பதிவாகிறது. மானியத்தைவிட அந்தப் பதிவுதான் பெரிய லாபம்.

5. சுத்தி வளைக்காம சொல்லுங்க. நிதித்துறை வளர்ந்தா ஏற்றத்தாழ்வு குறையுமா, கூடுமா?

கீழ்த்தட்டுக்கு எட்டினால் குறையும். மேல்தட்டுக்குள்ளேயே சுற்றினால் கூடும்.

1990-இல் கிரீன்வுட், ஜோவனோவிக் என்ற பொருளியலாளர்கள் சொன்னது, தொடக்கத்தில் வசதி உள்ளவர்களுக்கே வங்கி எட்டும் என்பதால் இடைவெளி கூடும், பரவிய பிறகு குறையும் என்று. 1993-இல் காலர், ஜெய்ரா சொன்னது, கடன் கிடைக்காத குடும்பத்தின் பிள்ளை படிக்க முடியாது, அந்தப் பிள்ளையின் பிள்ளையும் முடியாது, இடைவெளி தலைமுறை தாண்டும் என்று. பல நாட்டுப் புள்ளிவிவரங்களை வைத்து பெக், டெமிர்குச்-குன்ட், லெவின் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நிதித்துறை வளர்ந்த நாடுகளில் அடிமட்ட 20 சதவீதத்தினரின் வருமானம் சராசரியைவிட வேகமாக உயர்ந்தது. ஆனால் அது நாடுகளின் சராசரி. எந்த நாட்டிலும் அது தானாக நடக்கும் என்று பொருள் இல்லை.

6. நம்ம நாட்டுல நடந்ததுக்கு ஆதாரம் இருக்கா, இல்ல வெளிநாட்டுக் கதை மட்டுமா?

இருக்கிறது. உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவதே நம் கதைதான். 1969 ஜூலை 19-இல் 14 வங்கிகள், 1980-இல் மேலும் 6 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1977-இல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் திறந்தாக வேண்டும். 1990-இல் அது முடிவுக்கு வந்தது. 1969-க்கும் 1990-க்கும் இடையில் வங்கியே பார்த்திராத ஏறக்குறைய 30,000 கிராமப்புற இடங்களில் கிளை வந்தது. பர்ஜெஸும் ரோகிணி பாண்டேயும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் கிளைகள் கிராம வறுமையைக் குறைத்தன என்று காட்டியது.

அதற்கு விலையும் இருந்தது. வராக்கடன் பெருகியது, பல கிளைகள் நஷ்டத்தில் ஓடின. இதைச் சொல்லாமல் விட்டால் அரைக்கதைதான் சொன்னதாகும். இந்தப் பகுதிக்கென்று வங்கி மரபு உண்டு. 1943-இல் கருமுத்து தியாகராசச் செட்டியார் மதுரையில் தொடங்கிய பாங்க் ஆப் மதுரா 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாண்டியன் கிராம வங்கி 2019-இல் பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது, தலைமையிடம் சேலத்துக்குப் போனது. வங்கி பெரிதாகும்போது பத்திரம் கூடும். உள்ளூர் ஆளைத் தெரிந்து கடன் கொடுக்கும் பழக்கம் குறையவும் கூடும்.

7. இப்பத்தான் எல்லாருக்கும் ஜன்தன் கணக்கு இருக்கே? இன்னும் என்ன குறை?

2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கிய திட்டத்தில் 50 கோடிக்கும் மேல் கணக்குகள் வந்துவிட்டன. நூறு நாள் வேலைக் கூலி இடையில் யார் கையும் படாமல் வருவது சின்ன மாற்றம் அல்ல. கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை, அந்நாட்டுக் குடும்பங்களில் 2 சதவீதத்தை வறுமையிலிருந்து மேலே கொண்டுவந்ததாக 2016-இல் வந்த ஆய்வு சொல்கிறது. தொடக்கத்தில் அங்கே கடன்கூட இல்லை, பணம் அனுப்பும் வசதிதான் இருந்தது.

ஆனால் கணக்கு வாசல்தான், உள்ளே போவது வேறு. ஜன்தன் கணக்கில் 10,000 ரூபாய் வரை மிகைப்பற்று, அதாவது இருப்பைவிடக் கூடுதலாக எடுக்கும் கடன், கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கேட்டாலும் கணக்கில் வரவு செலவு ஓடியிருந்தால்தான் வங்கி யோசிக்கும். பழ வண்டிக்காரர் தினம் 200 ரூபாயாவது போட்டு எடுத்தால் அதுவே ஒரு சாட்சி. கூலி வந்த அன்றைக்கே மொத்தமாக எடுக்கும் கணக்கைப் பார்த்து எந்த மேலாளரும் கடன் தர மாட்டார்.

8. மகளிர் குழுக் கடனும் வாரா வாரம் வீட்டுக்கு வந்து வசூல் பண்ற மைக்ரோ பைனான்ஸும் ஒண்ணுதானே?

இல்லை. குழுவில் முதலில் சேமிப்பு, பிறகு அந்தச் சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்கு உள்கடன், அதன் பிறகே வங்கி இணைப்பு. வட்டி குழுவுக்கே திரும்பி வருகிறது. வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-இல் இந்த இணைப்பைத் தொடங்கியது. 10 லட்சம் வரை குழுவிடம் வங்கி ஈடு கேட்கக் கூடாது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்கள் இந்த வழியில் வளர்ந்தவை. கூலி வேலை பார்த்த, எழுதப் படிக்கத் தெரியாத பில்லுசேரி சின்னப்பிள்ளை அந்த இயக்கத்தின் முகமாகி, 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். சேர்ந்து சேமிக்கத் தெரிந்த பெண்களுக்கு வங்கி வாசல் திறக்கும் என்பதற்கு மேலூர், அழகர்கோவில் பக்கம் வேறு சாட்சி தேவையில்லை.

நுண்கடன் நிறுவனம் வேறு. சேமிப்பு கிடையாது, பணம் வெளியிலிருந்து வருகிறது, வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்தைத் தாண்டும். தண்டலோடு பார்த்தால் மலிவு, வங்கியோடு பார்த்தால் அதிகம். ஐதராபாத்தில் குலுக்கல் முறையில் தெருக்களைத் தேர்ந்து செய்த ஆய்வில், சிலருக்குத் தொழில் பெருகியதே தவிர, சராசரிக் குடும்பச் செலவில் பெரிய உயர்வு இல்லை.

கெடுவது எங்கே என்றால், ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கும்போது. 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 16,000 வருமானம் என்றால் 8,000. வீட்டில் வெள்ளைத்தாளில் எல்லாத் தவணையையும் எழுதிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பாதிக்கு மேல் போனால், புதுக் கடனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறவர் விதியை மீறுகிறார்.

9. பூ மார்க்கெட் கமிஷன் கடைக்காரர் வட்டியே இல்லாம முன்பணம் தர்றாரே. பேங்க்கைவிட அது நல்லதுதானே?

அவசரத்துக்கு உதவுகிறது, மறுக்கவில்லை. மருந்தடிக்கவும் பறிகூலிக்கும் விடியற்காலையில் பணம் வேண்டுமென்றால் எந்த வங்கியும் திறந்திருக்காது. ஆனால் வட்டி வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. முன்பணம் தீரும்வரை மல்லியை அந்தக் கடையில்தான் போட வேண்டும். முன்பணம் 50,000, ஆண்டு விற்பனை 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பட்டவர் என்பதால் விலையிலோ எடையிலோ கமிஷனிலோ நூற்றுக்கு 5 ரூபாய் குறைந்தால், ஆண்டுக்கு 10,000. ஐம்பதாயிரத்துக்குப் பத்தாயிரம், அதாவது 20 சதவீத வட்டி.

கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரையான பயிர்க்கடன், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதத்தில் முடியும். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கு, குறித்த நாளில் கட்டினால் வட்டியே இல்லை. முன்பணத்தில் பாதியை அப்படி மாற்றினாலே மாட்டுத்தாவணியில் இரண்டு கடை விலை கேட்டு விற்கும் உரிமை திரும்பக் கிடைக்கும்.

10. நகைக்கடன் பத்து நிமிஷத்துல கிடைக்குது. வட்டிக்கு உச்சவரம்பு போட்டு, மத்த கடனைத் தள்ளுபடி பண்ணிட்டா சமத்துவம் வந்துடாதா?

மூன்றும் மூன்று விதமாக நழுவுகின்றன. நகைக்கடன் சுலபம்தான். ஆனால் அது நகை இருப்பவருக்கு. பத்து பவுன் இருப்பவருக்கு மலிவு வட்டி, ஒரு பவுன்கூட இல்லாதவருக்குத் தண்டல். கடன் வளர்ச்சிப் புள்ளிவிவரத்தில் நகைக்கடன் ஏறும்போது, அது தொழிலுக்குப் போகிறதா, பழைய கடனை அடைக்கப் போகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சொந்தச் செலவுக்கான நகைக்கடனுக்கு, 2025-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, 2.5 லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. கடனை முழுக்க அடைத்து 7 வேலை நாளுக்குள் நகை வரவில்லை என்றால், நிறுவனத்தின் தவறுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. மிரட்டல் வந்தால் அந்தச் சட்டம் தேவை. ஆனால் 4-ஆம் பதிலில் சொன்ன மூன்று காரணங்களையும் அது தொடவில்லை, அதனால் தேவை அப்படியே நிற்கிறது. தள்ளுபடி விஷயத்தில், 2021-இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடியைத் தள்ளுபடி செய்தது. 16.43 லட்சம் விவசாயிகளுக்குப் பலன். ஆனால் சங்கத்தில் கடனே கிடைக்காத குத்தகைக்காரருக்கும், தண்டலில் விதை வாங்கியவருக்கும் அதில் பைசா இல்லை.

11. ஒருத்தர் இந்தியாவுல ஏற்றத்தாழ்வு ரொம்பக் கம்மின்னு சொல்றார், இன்னொருத்தர் வெள்ளைக்காரன் காலத்தைவிட மோசம்னு சொல்றார். யார் பொய் சொல்றா?

இருவர் கையிலும் உண்மையான எண் இருக்கிறது. 2-ஆம் பதிலில் சொன்ன கேள்வியைக் கேளுங்கள். உலக வங்கி 2022-23-க்குச் சொல்லும் கினி 25.5 என்பது குடும்பங்களின் செலவை வைத்தது. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் அதே ஆண்டுக்குச் சொல்லும் கணக்கு வருமானத்தையும் சொத்தையும் வைத்தது: உச்சி 1 சதவீதத்தினர் நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதம், சொத்தில் 40.1 சதவீதம்.

பணக்காரர் வருமானத்தில் பெரும்பகுதியைச் செலவழிப்பதில்லை, முதலீடு செய்கிறார். அதனால் செலவுக் கணக்கில் இடைவெளி சிறிதாகத் தெரியும். தவிர, வீட்டு வீடாகப் போகும் கணக்கெடுப்பில் மிகப் பெரிய செல்வர்கள் சிக்குவது அரிது. நிதித்துறை பற்றிப் பேசும்போது வருமானமும் சொத்தும்தான் பொருத்தமான அளவு. வட்டி, பங்கு லாபம், நில விலை உயர்வு எல்லாம் அங்கேதான் சேருகின்றன.

12. ஷேர் மார்க்கெட்ல இப்ப நம்ம பையன்களே காசு பண்றாங்களே, அது ஏற்றத்தாழ்வைக் குறைக்காதா?

நீண்ட காலத்துக்குப் பங்கோ பரஸ்பர நிதியோ சிறுகச் சிறுகச் சேர்ப்பது நல்ல வழி. ஆனால் மாதக் கடைசியில் மிச்சம் உள்ளவருக்கே அது முடியும். சந்தை இரு மடங்கானால், பங்கு வைத்திருப்பவர் மட்டும்தான் மேலே போவார்.

பங்கின் வருங்கால விலையை ஊகித்துச் செய்யும் எப் அண்ட் ஓ எனும் முன்பேர வணிகத்தில் காசு பண்ணுவதாகச் சொல்வதை நம்ப வேண்டாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இங்கே நிதித்துறை வளர்ந்தது, பணம் கீழிருந்து மேலே போனது.

13. கடன் அளவுக்கு மீறி வளர்ந்தா கெடுதல்னு சொல்றாங்களே, எப்படி?

தனியார் கடன் நாட்டு உற்பத்தியை எட்டும் அளவுக்குப் போனபின், மேலும் மேலும் கொடுக்கும் கடன் பொருளாதார வளர்ச்சியைக் கூட்டுவதில்லை என்று ஆர்காண்ட், பெர்க்ஸ், பனிஸா செய்த ஆய்வு காட்டியது. புதுக் கடன் தறிக்கும் பட்டறைக்கும் போகாமல், இருக்கிற நிலத்தின் விலையை ஏற்றப் போகத் தொடங்கும். நான்குவழிச் சாலை ஓரம் ஒரு சென்ட் விலை ஏறினால் நிலம் வைத்திருப்பவர் சொத்து கூடும். வாடகைக்கு இருப்பவருக்கு வாடகைதான் கூடும். 2008-இல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் சரிந்தபோது வேலையையும் வீட்டையும் இழந்தவர்களில் கீழ்த்தட்டினர் ஏராளம். இந்தியா மொத்த அளவில் அந்த எல்லையில் இல்லை. நமக்கு இப்போதைய குறை பரவல்.

14. நம்ம மாவட்டத்துல பேங்க் பணம் யாருக்குப் போகுதுன்னு நாமளே பார்க்க முடியுமா?

முடியும். ரிசர்வ் வங்கி மாவட்டவாரியாக டெபாசிட்டையும் கடனையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. கடனை டெபாசிட்டால் வகுத்தால் கடன்-வைப்பு விகிதம். கிராமப்புற, சிறுநகரக் கிளைகளுக்கு 60 சதவீதம் என்பது குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. தமிழ்நாட்டின் சராசரி 100-ஐத் தாண்டியது. அதாவது இங்கே சேர்ந்த பணத்தைவிட அதிகமாக இங்கேயே கடன் போகிறது.

அதோடு நின்றுவிடாதீர்கள். பெரிய ஆலை ஒன்றுக்குக் கொடுத்த கடனே மாவட்ட விகிதத்தைத் தூக்கிவிடும். கடன் தொகையைக் கடன் கணக்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, சராசரிக் கடன் அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். கணக்கு எண்ணிக்கை நின்றுபோய்த் தொகை மட்டும் ஏறினால், இருப்பவருக்கே திரும்பக் கொடுக்கிறார்கள். மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி வெளியிடும் ஆண்டுக் கடன் திட்டத்தில் துறைவாரியாக இலக்கு இருக்கும். விவசாயம், சிறுதொழில் போன்ற, வங்கிகள் கட்டாயம் கடன் தர வேண்டிய முன்னுரிமைத் துறைக்கு 40 சதவீதம், அதற்குள் விவசாயத்துக்கு 18, சிறு குறு விவசாயிகளுக்கு 10, நலிந்த பிரிவினருக்கு 12, குறுந்தொழிலுக்கு 7.5. இவை வங்கியின் மொத்தக் கடனுக்கான விதி, ஒவ்வொரு கிளைக்கும் அல்ல. கிளையில் போய் வாதாடும் முன் இதை மனதில் வையுங்கள்.

15. எல்லாம் சரி, மனு கொடுத்தேன், "அப்புறம் பார்க்கலாம்"னுட்டாங்க. இப்ப என்ன செய்ய?

மனுவை எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். முன்னுரிமைக் கடன் மனுவுக்கு ஒப்புகை தருவது வங்கியின் கடமை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 50,000 வரையான முன்னுரிமைக் கடனுக்குச் சேவைக் கட்டணமோ ஆய்வுக் கட்டணமோ வாங்கக் கூடாது. மறுப்புக்குக் காரணம் சிபில் என்றால், ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அடைத்த கடன் அடையாததாகவே நிற்பதும், வேறொருவர் கடன் உங்கள் பேரில் ஏறியிருப்பதும் அடிக்கடி வரும் பிழைகள். திருத்தச் சொல்லி மனுப் போடலாம்.

வங்கிக்கு எழுத்துப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே வழி கேட்கலாம். ஒப்புகைத் தாளும் புகார் நகலும் கையில் இருக்கட்டும், அவை இரண்டையும்தான் முதலில் கேட்பார்கள்.